உடைப்பு அடைத்த இடத்தில் நிரந்தரக் கரை கட்ட வந்திருக்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

படுகைத்தம்பி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கொள்ளிடத்தின் தென்கரையில், அணைக்கரைக்குக் கீழே. போன ஆவணியில் மேட்டூர் நிரம்பி உபரி வந்தபோது ஊருக்கு மேற்கே கரை உடைத்துக்கொண்டது. தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் சவுக்குக் கட்டை அடித்து, மணல் மூட்டை அடுக்கி, ராப்பகலாக நின்று அடைத்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மூட்டைதான் இன்று வரை கரை. பாதிச் சாக்கு வெயிலில் நைந்து மணல் கொட்டுகிறது.

இப்போது நிரந்தரமாகக் கட்ட டெண்டர் முடிந்து ஜேசிபி வந்து நிற்கிறது. ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் முடித்துவிடுவார்களாம். மூட்டைகளை எடுக்காமல் அதன் மேலேயே மண்ணைக் கொட்டி மட்டம் பண்ணப் போவதாகக் கேள்வி. இது சரியா? இன்னொன்று. உடைந்த அன்றைக்குத் தண்ணீர் கரையைத் தாண்டவில்லை, இரண்டு அடிக்கும் கீழேதான் ஓடியது. அப்புறம் ஏன் உடைந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஊர்க்காரர்களாகிய நாங்கள் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெற்றிலைப்பெட்டி

வைகைக் கரை உடைந்தபோது பாண்டியன் வீட்டுக்கு ஒரு பங்கு என்று அளந்து விட்டான், பிட்டுக்கு மண் சுமந்தவருக்கு முதுகில் பிரம்படியும் கிடைத்தது. இப்போது பங்கு அளப்பது எம்-புக் என்கிற வேலை அளவுப் பதிவேட்டில் மட்டும். பிரம்படிக்கும் ஆள் இல்லை.

பழைய ஓவர்சியர்

தம்பி, நான் ஆற்றுப் பாதுகாப்புக் கோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதல் கேள்விக்குப் பதில்: மூட்டை மேல் மண் போட விடாதீர்கள். வெள்ள நேரத்தில் போட்டது அன்றைக்குத் தண்ணீரை நிறுத்த மட்டும்தான். கரையின் உடம்புக்குள் அது இருக்கக் கூடாது. மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில் சந்து இருக்கும், மேலே எவ்வளவு மண் போட்டாலும் அந்தச் சந்து மூடாது. சவுக்குக் கட்டை மண்ணுக்குள் உளுத்துப் போனால் அது நின்ற இடத்தில் ஒரு குழாய் உண்டாகிவிடும். கீற்றும் வைக்கோலும் போட்டிருந்தால் இன்னும் மோசம். எல்லாவற்றையும் தோண்டி எடுத்து, பழைய கெட்டி மண் தட்டுப்படுகிற வரை இறங்க வேண்டும். ஒப்பந்தக்காரருக்கு இது பிடிக்காது. எடுக்கிற வேலைக்கு எஸ்டிமேட்டில் பணம் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். போடாமல் விட்டிருந்தால் அவர் எடுக்க மாட்டார்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். தண்ணீர் மேலே ஏறாமல் கரை உடைவது அபூர்வம் இல்லை. 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தில் குசஹா என்ற இடத்தில் கோசி ஆற்றுக் கரை போனது. ஒன்பதரை லட்சம் கன அடிக்கு வடிவமைத்த கரை. அன்றைக்கு ஓடியது ஏறக்குறைய ஒன்றரை லட்சம்தான். கரையை ஒட்டி நீரோட்டத்தைத் தள்ளிவிடும் தடுப்புகளைப் பராமரிக்காததால் ஆறு கரையின் அடியை அரித்துக்கொண்டே வந்தது. பீகாரில் 30 லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள்.

ஆகவே உங்கள் ஊரில் என்ன நடந்தது என்று தெரியாமல் கட்டினால், உடைந்த காரணத்தை உள்ளே வைத்து மூடியதுபோல் ஆகிவிடும். சொல்லுங்கள்: உடைவதற்கு முன்னால் வயல் பக்கம் ஊற்று ஏதும் கிளம்பியதா? வந்த தண்ணீர் தெளிவாக இருந்ததா, கலங்கலாகவா? ஆற்றுப் பக்கம் கரையடியில் ஆழம் எப்படி?

படுகைத்தம்பி

ஐயா, நீங்கள் கேட்டது அப்படியே நடந்தது. உடைவதற்கு முதல் நாள் சாயங்காலம் கரைக்கு இந்தப் பக்கம், அடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி வயல் வரப்பில் தண்ணீர் கொப்பளித்தது. சுற்றிலும் மணல் வட்டமாகக் குவிந்திருந்தது. பையன்கள் அதன் மேல் நாலு மூட்டையைப் போட்டு மிதித்து அடைத்தார்கள். நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னும் இரண்டு கிளம்பியது. ராத்திரி கரையின் தலை இறங்கியது, அதோடு போய்விட்டது.

ஆற்றுப் பக்கம் ஆழம்தான். கோடையில் பார்த்தாலும் கரையடியில் பள்ளம் தெரியும். மணல் எடுத்த காலத்தில் விழுந்த பள்ளம்.

பழைய ஓவர்சியர்

சரி, இப்போது விளங்குகிறது. கரைக்கு அடியில் மணல் படிவம். கொள்ளிடத்தில் பெரும்பாலும் அப்படித்தான், பழைய ஆற்றுமணல் மேல் கரை உட்கார்ந்திருக்கும். ஆற்றில் மட்டம் ஏற ஏற, தண்ணீர் மணல் வழியாகக் கரைக்குக் கீழே புகுந்து இந்தப் பக்கம் மேலே வரும். தெளிவாக வந்தால் வெறும் கசிவு, பார்த்துக்கொண்டிருக்கலாம். மணலை இழுத்துக்கொண்டு வந்தால் கரைக்கு அடியில் சுரங்கம் விழ ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். சுரங்கம் ஆற்றுப் பக்கம் எட்டியதும் கரை உள்வாங்கும். நீங்கள் பார்த்த 'தலை இறங்கியது' அதுதான்.

ஊற்றை மிதித்து அடைத்ததைப் பற்றி, பையன்களைத் திட்ட வேண்டாம், எல்லா ஊரிலும் முதலில் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அடைத்தால் அழுத்தம் பக்கத்தில் போய்க் கிளம்பும். செய்ய வேண்டியது வேறு. ஊற்றைச் சுற்றி மூட்டையால் வளையம் கட்டி, உள்ளே தண்ணீர் நிற்க விட வேண்டும். உள்ளே மட்டம் ஏற ஏற வெளியே வருகிற வேகம் குறையும். மணல் வருவது நின்று தெளிந்த நீர் மட்டும் வழிகிற உயரம் வந்ததும் நிறுத்திவிடலாம். முழுக்க நிறுத்தப் பார்க்கக் கூடாது. மூட்டையையும் வாய் வரை நிரப்பித் தைக்கக் கூடாது. பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பி, வாயை மடித்துப் போட்டால்தான் ஒன்றின் மேல் ஒன்று படிந்து உட்காரும். குண்டு மூட்டைகளுக்கு நடுவே தண்ணீர் ஓடும்.

நிரந்தர வேலை பற்றி நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். பேரன் கணினியைக் கேட்கிறான்.

தென்பெண்ணை ஓரம்

பேசாமல் காங்கிரீட் சுவர் கட்டச் சொல்லுங்கள் தம்பி. 2024 டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூரிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள், ஃபெஞ்சல் மழைக்கு. எங்கள் பக்கம் மண்கரை எல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. மண்ணைக் கொட்டுவது, அடுத்த வெள்ளத்தில் போவது, மறுபடி கொட்டுவது. யாருக்கு லாபம் என்று சொல்லவே வேண்டாம்.

செங்கல்சூளை

நான் அந்த 'யாருக்கு லாபம்' தரப்பு ஆள்தான், சின்ன ஒப்பந்தக்காரன். ஒன்று சொல்லிவிடுகிறேன். கரை வேலையில் மண்தான் பிரச்சினை. எஸ்டிமேட்டில் 'தகுந்த மண்' என்று ஒரு வரி இருக்கும். அந்த மண் எங்கே இருக்கிறது, எத்தனை கிலோமீட்டர் லோடு அடிக்க வேண்டும் என்பது அதில் இருக்காது. டெல்டாவில் பக்கத்தில் கிடைப்பது இரண்டே வகை. ஆற்று மணல், அதில் தண்ணீர் ஊடுருவும். வயல் களி, அது கோடையில் கை நுழைகிற அளவு வெடிக்கும். நல்ல செம்மண் கிராவல் வேண்டுமென்றால் வல்லம், கந்தர்வகோட்டைப் பக்கம் போக வேண்டும், வடகரைக்காரர்கள் அரியலூர்ப் பக்கம் போவார்கள். அனுமதிச் சீட்டு, டிப்பர் வாடகை, டீசல் எல்லாம் சேர்ந்தால் போட்ட ரேட்டுக்குக் கட்டாது. பில் பாஸ் ஆக ஒரு வருஷம். அப்படி இருக்கும்போது கரையடியிலேயே ஜேசிபியை வைத்து அள்ளிக் கரை மேல் போடுகிறான். நியாயம் என்று சொல்ல வரவில்லை. ஏன் நடக்கிறது என்று சொல்கிறேன்.

பழைய ஓவர்சியர்

செங்கல்சூளை சொல்வது உண்மை. இந்தத் தரப்பை யாரும் வெளியில் பேசுவதில்லை, எழுதியதற்கு நன்றி.

தென்பெண்ணை ஓரம், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் சுவர் மண்ணின் மேல்தானே நிற்கப் போகிறது? 2005இல் கத்ரினா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் 17ஆம் தெருக் கால்வாயில் வெள்ளச் சுவர் சரிந்தது. தண்ணீர் சுவரின் தலையைத் தொடவே இல்லை. அடியில் இருந்த இளகிய களி வழுக்கி, சுவரையும் கரையையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போனது. படுகைத்தம்பி ஊரில் அடியில் மணல். மேலே காங்கிரீட் வைத்தால் தண்ணீர் கீழேதான் வரும், இன்னும் வேகமாக. ஊருக்குள் இடமில்லாத இடத்தில், பாலம் மதகு பக்கத்தில், சுவர் தேவைதான். வெட்டவெளியில் நல்ல மண்கரைக்கு ஒரு குணம் உண்டு: கொஞ்சம் உட்கார்ந்தாலும் பிளந்து நிற்காது, பழுதும் கண்ணுக்குத் தெரியும்.

இனி வேலைக்கு வருகிறேன். தம்பி, இதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடைப்பின் இரண்டு முனையும் இப்போது செங்குத்தாக நிற்கும். நடுவில் புதுமண்ணை நிரப்பிவிட்டால் பழையதும் புதியதும் சேருகிற அந்த இரண்டு கோடும்தான் அடுத்த வெள்ளத்துக்கு வழி. முனைகளைச் சாய்வாக வெட்டி, அந்தச் சாய்வில் படி படியாக எடுத்து, ஒவ்வொரு படியின் மேலும் புதுமண் ஏறி உட்காரும்படி செய்ய வேண்டும். பழைய முகத்தைக் கொத்திவிட்டு நனைக்க வேண்டும். காய்ந்த வழுவழுப்பான முகத்தில் புதுமண் ஒட்டாது. நான் பார்த்த மறு உடைப்புகளில் பெரும்பாலானவை முன்பு அடைத்த இடத்தின் ஓரத்தில்தான் நடந்தன. நடுவில் போனதை அதிகம் பார்த்ததில்லை.

உடைத்த தண்ணீர் வயல் பக்கம் ஒரு மடு தோண்டியிருக்கும். அதைச் சும்மா விட்டுவிட்டு விளிம்பில் கரையை நிறுத்தக் கூடாது. இறைத்து, சேற்றை வாரி, கீழேயிருந்து நிரப்பிக்கொண்டு வர வேண்டும். மிக ஆழம் என்றால் கரையைக் கொஞ்சம் வளைத்து மடுவைத் தவிர்த்துக் கட்டலாம், ஆனால் அதற்குப் பட்டா நிலம் வேண்டும். அங்கேதான் கோப்பு நின்றுபோகும்.

மண் அடிப்பது: கொட்டிய மண் முக்கால் அடிக்கு மேல் கனம் இருக்கக் கூடாது. ஈரம் பார்த்து ரோலர் ஓட்டி, அது இறுகிய பின்தான் அடுத்த அடுக்கு. களி கலந்த மண்ணுக்கு ஆட்டுக்கால் ரோலர் என்கிற முள் வைத்த உருளைதான் சரி. வழவழ ரோலர் மேல்தோலை மட்டும் இறுக்கும், அடுக்குகள் ஒன்றோடொன்று பிடிக்காது. டிப்பர் ஏறி இறங்குவதே போதும் என்பார்கள், நம்பாதீர்கள். டயர் போன இடம் இறுகும், ஓரம் பொலபொலவென்று நிற்கும். ஓரம்தானே தண்ணீர் தொடும் இடம்.

ஈரம் பார்க்க ஆய்வகம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு பிடி எடுத்து அமுக்குங்கள். உருண்டை பிடிக்க வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். தூளாகிப் போனால் தண்ணீர் தெளிக்கணும், சப்பென்று ஒட்டினால் காய விடணும். அடர்த்திக்கு முறையான சோதனை உண்டு. ஒரு இரும்பு வளையத்தை அடுக்கில் அறைந்து இறக்கி, வந்த மண்ணை எடை போடுவார்கள். ஆய்வகத்தில் கிடைத்த உச்ச அடர்த்தியில் நூற்றுக்கு 95 பங்கு வர வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. அந்தச் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். செய்வார்கள், கேட்டால் செய்வார்கள்.

உங்கள் ஊருக்கு மட்டும் கட்டாயமானது ஒன்று: வயல் பக்க அடியில் வடிகட்டி. மணல், சின்ன ஜல்லி, பெரிய ஜல்லி என்று வரிசையாக வைத்து மேலே கல். தண்ணீர் வெளியே வரலாம், மண் வரக் கூடாது. அதோடு கரையை ஒட்டி இந்தப் பக்கம் பத்துப் பதினைந்து அடி அகலத்துக்குத் தாழ்வான ஒரு மண் திண்டு போட்டால் ஊற்று கிளம்புகிற இடத்தின் மேல் எடை ஏறும். எஸ்டிமேட்டில் இவை இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு நல்ல கரை கட்டினாலும் போன வருஷக் கதை திரும்பும்.

ஆற்றுப் பக்கம் பிறகு.

நாணல்

ஐயா எழுதியதோடு இரண்டு சேர்க்கிறேன், நான் தாவரவியல் ஆசிரியை, கரை மேல் நடப்பது வழக்கம்.

எலி வளை, நண்டு வளை, முள்ளம்பன்றி வளை. சிரிக்காதீர்கள். 2014 ஜனவரியில் இத்தாலியில் மோடெனா நகருக்கு அருகே செக்கியா ஆற்றின் கரை உடைந்தபோது ஆராய்ந்தவர்கள் காட்டிய காரணம் காட்டு விலங்குகள் தோண்டிய வளைகள்தான். நம் ஊரில் நண்டு வளை வயல் வரப்பில் என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும், பெரிய கரையில் மட்டும் செய்யாதா? கோடையில் புதரை வெட்டினால்தான் வளை கண்ணில் படும். வேலிக்காத்தான் மண்டிய கரையில் நடக்கவே முடியாது, எதைப் பார்ப்பது? பழைய வளையை வெறும் மண் தள்ளி மூடினால் போதாது. தோண்டிப் பிரித்து அடுக்கடுக்காக மண் இட்டு இடிக்க வேண்டும்.

மரம் பற்றி. கரையில் மரம் நட்டால் பிடிமானம் என்று நினைத்து ஒவ்வொரு விழாவிலும் கன்று நடுகிறார்கள். கரைக்கு வேண்டியது புல். அருகு, நாணல், வெட்டிவேர் மாதிரி. பெரிய மரம் புயலில் சாய்ந்தால் வேரோடு ஒரு பெரிய மண்கட்டியையும் பெயர்த்துக்கொண்டு போகும். 2018 நவம்பர் கஜாவுக்குப் பின் வாய்க்கால் கரைகளில் அந்தக் குழிகளை எத்தனையோ பார்த்தோம். வெட்டிய மரத்தின் வேர் உள்ளே மக்கினாலும் குழாய்தான், ஐயா சவுக்குக் கட்டைக்குச் சொன்னது அதற்கும் பொருந்தும்.

வெற்றிலைப்பெட்டி

அக்கா, அமைச்சர் நட்ட கன்றை யார் போய்ப் பிடுங்குவது?

நாணல்

கரைக்கு வெளியே படுகை ஓரம் நடச் சொன்னால் அவரும் நடுவார். புகைப்படத்தில் வித்தியாசம் தெரியாது.

மறுகால்

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு ஆற்றுக்கரையை விடக் குளத்துக்கரைதான் பாடு. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணிப் பாசனத்தில் குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைத்தன, மேல் குளம் உடைத்த தண்ணீர் கீழ்க் குளத்தை உடைத்தது. எங்கள் ஊரில் பிறகு கரை கட்டியவர்கள் உயரத்தை மட்டும் கூட்டினார்கள், உபரி நீர் வழியும் மறுகாலை அகலப்படுத்தவில்லை. கரை உயர்ந்தால் நிற்கிற தண்ணீரும் உயர்கிறது, தண்ணீருக்கு வெளியே போகிற வழி அதே அளவு. எனக்கு இது சரியாகப் படவில்லை. ஓவர்சியர் ஐயா என்ன சொல்கிறீர்கள்?

பழைய ஓவர்சியர்

நீங்கள் நினைப்பது சரிதான். மறுகாலின் அகலத்தைக் கணக்குப் பார்க்காமல் கரையைத் தூக்குவது ஆபத்து. உடைந்தால் முன்பை விட அதிகத் தண்ணீர் வரும். மடைக்கட்டைச் சுற்றியும் பாருங்கள். கல்லும் மண்ணும் சேருகிற இடத்தில் ரோலர் போகாது, கையால் இடிக்க வேண்டும், யாரும் இடிப்பதில்லை.

ஆற்றுப் பக்கத்துக்கு வருகிறேன். பல உடைப்புகள் கரையின் அடிப்பாகத்தில்தான் தொடங்குகின்றன. நீரோட்டம் கரையடி மண்ணை அரித்தபின் மேலே உள்ளது தானாகச் சரியும். அதற்குக் கல்பதிப்பு. ஆனால் கல்லுக்குக் கீழே வடிகட்டி அடுக்கோ, தண்ணீரை விட்டு மண்ணை நிறுத்துகிற ஜியோ துணியோ இல்லாவிட்டால் அலையும் நீரும் கல் இடுக்கு வழியாக மண்ணை உறிஞ்சி எடுத்துவிடும். ஒரு வருஷத்தில் கல் தொங்கும். கல்பதிப்பு கரையடியோடு நிற்கவும் கூடாது. ஆற்றுப் படுகையில் சில மீட்டர் தூரத்துக்குக் கல் மெத்தையாகப் பரப்பிவிட வேண்டும். ஆறு அரித்தால் அந்தக் கல் தானாகச் சரிந்து பள்ளத்தின் சரிவை மூடிக்கொள்ளும். தம்பி ஊரில் மணல் எடுத்த பள்ளம் இருப்பதால் மெத்தை இல்லாமல் கட்டுவதில் பயன் இல்லை. கருங்கல் விலை அதிகம் என்றால் கம்பி வலைப் பெட்டியில் சின்னக் கல் நிரப்பலாம். வலை நல்ல துத்தநாகப் பூச்சா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. வெள்ளம் ஏறும்போது தப்பித்த கரை, இறங்கும்போது சரியும். பல நாள் நனைந்து கனத்த மண்ணுக்கு ஆற்றுத் தண்ணீர்தான் அந்தப் பக்கம் முட்டுக் கொடுத்தது. மேட்டூரில் திறப்பைச் சட்டென்று குறைத்ததும் முட்டு போய்விடுகிறது, உள்ளே இருக்கிற நீர் வெளியே வர நேரமில்லை, ஆற்றுப் பக்கச் சரிவு வழுக்குகிறது. அதனால் தண்ணீர் வடிந்த மறுநாளும் கரையில் ஆள் நடக்க வேண்டும். அந்தக் காலத்தில் லஸ்கர் என்கிற கரைக் காவலர் விளக்கோடு நடப்பார். இப்போது பல பிரிவில் ஒருவர் மூன்று பேர் வேலையைப் பார்க்கிறார்.

திட்டுக்காரி

எல்லோரும் கரையை உயர்த்துவது பலப்படுத்துவது பற்றியே பேசுகிறீர்கள். நான் கரைக்கு உள்ளே இருக்கிறவள். ஆற்றுக்கும் கரைக்கும் நடுவில் திட்டில் எங்கள் வீடு. 2022 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் 2 லட்சம் கன அடிக்கு மேல் வந்தபோது நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் திட்டு எல்லாம் மூழ்கியது செய்தியில் வந்தது. எங்கள் திட்டிலும் அதே கதைதான். ஆடு மாட்டைக் கரை மேல் கட்டிவிட்டுக் கரை மேலேயே கூரை போட்டு இருந்தோம். கரையை நீங்கள் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் தண்ணீர் எங்கள் பக்கம்தான் நிற்கும். கட்டும்போது எங்களையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

படுகைத்தம்பி

அக்கா, உங்கள் ஊர்க்காரர்கள் கரையில் இருக்கும்போது எங்கள் ஆட்கள் சிலர் 'கரையை வெட்டிவிடுவார்கள்' என்று ராத்திரி காவல் போட்டதும் நடந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. யாரும் வெட்டவும் இல்லை.

திட்டுக்காரி

தெரியும் தம்பி. காவலுக்கு வந்தவருக்கு நான்தான் டீ கொடுத்தேன்.

நான் கேட்பது இரண்டே. ஒன்று, கரையின் தலை குறைந்தது ஒரு டிராக்டர் போகிற அகலம் வேண்டும். வெள்ளத்தில் எங்களுக்கு வழியும் அதுதான், கொட்டகையும் அதுதான். இரண்டு, கரை மேல் ஏற ஆற்றுப் பக்கம் சரியான சாய்தளம். இப்போது ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கிறது, வயசானவர்களைத் தூக்கித்தான் ஏற்றினோம். ஆளும் மாடும் ஏறி ஏறிக் கரையில் தடம் விழுந்து, அந்தத் தடத்தில் மழைத்தண்ணீர் ஓடி அரிக்கிறது. சாய்தளம் போட்டுக் கொடுத்தால் கரைக்கும் நல்லதுதானே.

பழைய ஓவர்சியர்

அம்மா சொன்ன இரண்டும் கரைக்கே நல்லது. தலை அகலமாக இருந்தால்தான் வெள்ள நேரத்தில் மூட்டையும் கல்லும் ஏற்றிய வண்டி போக முடியும், எதிர்ப்பக்கம் வண்டி ஒதுங்கவும் இடம் வேண்டும். சாய்தளத்தைக் கரையை வெட்டிப் போடக் கூடாது, கரைக்கு வெளியே கூடுதல் மண்ணில் போட வேண்டும். அதையும் இதே எஸ்டிமேட்டில் சேர்க்கக் கேட்கலாம், தனி வேலையாக்கினால் எப்போதும் வராது.

செங்கல்சூளை

சேர்க்கிறது அவ்வளவு சுலபமில்லை ஐயா. பேரிடர் நிதியில் வருகிற பணம் உடனடிச் சீரமைப்புக்கு. அதில் 'முன்பு இருந்தபடி' செய்ய மட்டும்தான் மனசு வரும். வடிகட்டி, கல் மெத்தை, சாய்தளம் எல்லாம் மேம்பாடு என்று தள்ளிவிடுவார்கள், அதற்கு வேறு திட்டம் வேண்டும். வெண்ணாறு உபவடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் அடப்பாறு, ஹரிச்சந்திரா நதி, பாண்டவையாறு என்று மொத்தமாக எடுத்துக் கரை, மதகு, வடிகால் எல்லாம் செய்தார்கள். அப்படி மொத்தத் திட்டத்தில் வந்தால்தான் இவையெல்லாம் நுழையும். ஒற்றை உடைப்புக்கு வராது.

பழைய ஓவர்சியர்

அதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையில் ஒன்பது மதகுகள் போயின. மூட்டையும் பாறையும் கொட்டி நிறுத்தினார்கள். அதையே 'முன்பு இருந்தபடி' என்று விட்டுவிட்டார்களா? புதுக் கதவணை கட்டவில்லையா? 1836இல் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கட்டியது, பெரிய வேலை, பத்திரிகை எழுதும். எங்கோ ஒரு ஊரில் சில பத்து மீட்டர் மண்கரை என்றால் மட்டும் மூட்டை நிரந்தரமாகிவிடுகிறது. காரணம் மணல் ஊற்று என்று கோப்பில் எழுதினால், வடிகட்டி மேம்பாடு ஆகாது, பழுது பார்ப்பதாகத்தான் ஆகும். தம்பி, ஊற்று வந்ததை நேரில் பார்த்தவர்கள் கையெழுத்துப் போட்டு, இடத்தைக் குறித்து, வரைபடத்தோடு செயற்பொறியாளருக்கு எழுதிக் கொடுங்கள். அப்படி ஒரு கடிதம் கோப்பில் இருந்தால் அதை ஒதுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட யாருக்கும் கொஞ்சம் தயக்கம் வரும்.

மறுகால்

தகவல் உரிமைச் சட்டத்தையும் பயன்படுத்துங்கள். பலர் நினைப்பதுபோல் அது நகல் கேட்க மட்டும் இல்லை. நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், போடுகிற பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுத்துக்கொள்ளவும் அதில் உரிமை இருக்கிறது. எஸ்டிமேட், ஒப்பந்தம், எம்-புக் பதிவு, அடர்த்திச் சோதனை முடிவு, நான்கையும் கேளுங்கள். 30 நாள் கெடு. உங்களுக்கு ஜூன் 12 கெடு இருப்பதால் இன்றே போடுங்கள்.

வெற்றிலைப்பெட்டி

1858இல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று போட்டான். கரை உடைகிற ஆபத்து வந்தால் ஊராரை வேலைக்கு இழுக்கலாம். இப்போது ஊரார் தாங்களாக வேலையைப் பார்க்கப் போனால் 'உனக்கு என்ன வேலை இங்கே' என்கிறார்கள்.

படுகைத்தம்பி

எல்லோருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன். பஞ்சாயத்தில் பேசி, ஓவர்சியர் ஐயா எழுதியதை வைத்துக்கொண்டு உதவிப் பொறியாளரைப் பார்த்தோம். மனுஷர் நல்லவர், சலித்துக்கொள்ளவில்லை. மூட்டையை எடுப்பதற்கு எஸ்டிமேட்டில் பணம் இருக்கிறது, எடுத்துவிடுவார்கள். முனைகளைப் படி வெட்டவும் ஒத்துக்கொண்டார். ஆற்றுப் பக்கம் கல்பதிப்பு உண்டு, கல் மெத்தை கொஞ்ச தூரத்துக்குத்தான். வயல் பக்க வடிகட்டி இல்லை. ஊற்றுக் கடிதத்தைக் கொடுத்தோம், மேலே அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். திட்டுக்காரி அக்கா கேட்ட சாய்தளத்துக்கு ஊராட்சி நிதியில் பார்க்கலாம் என்று தலைவர் சொன்னார், பார்ப்போம்.

நேற்று ரோலர் வந்தது. வழவழ ரோலர்தான். ஆட்டுக்கால் ரோலர் கேட்டதற்கு, அது வேறு வேலையில் இருக்கிறதாம், வர வாரக்கணக்கில் ஆகுமாம். அதுவரை மண் எடுப்பதையும் மடு இறைப்பதையும் செய்யட்டுமா, இல்லை இந்த ரோலரை வைத்தே தொடங்கச் சொல்வதா?

பழைய ஓவர்சியர்

மூட்டை எடுப்பதும் மடு இறைப்பதும் படி வெட்டுவதும் முதலில் நடக்கட்டும், எப்படியும் அதற்கே நாளாகும். ஆட்டுக்கால் ரோலர் வராமல் புதுமண் ஒரு லோடு கூட உள்ளே போக வேண்டாம். இந்த வழவழ ரோலரை வைத்தே தொடங்க அவசரப்படுத்தினால் அடுக்கை இன்னும் மெல்லியதாக, அரை அடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கின் மேலும் கலப்பையால் ஒரு கீறு கீறிவிட்டு அடுத்ததைப் போடச் சொல்லுங்கள். டிராக்டர் உங்கள் ஊரிலேயே இருக்கும்.

செங்கல்சூளை

தம்பி, எந்த ஊர்ப் பக்கம் என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்தவரிடம் ஆட்டுக்கால் ரோலர் ஒன்று சும்மா நிற்கிறது. வாடகையை உங்கள் ஒப்பந்தக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.